மொட்டைமாடிக் குழாய்

செம்பூரில் எங்கள் கட்டடத்து வாசல் பெஞ்சு வரை வைஃபை எட்டுவதில்லை. எல்லாப் பக்கமும் பரப்பும் குச்சி ஆன்டெனா சிக்னலில் பாதியைத் தெருவுக்குத் தானம் செய்துவிடும். அதனால் வாசலை மட்டும் பார்க்கிற தட்டை ஆன்டெனாவாக வாங்கினேன். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் அப்பா நட்டுவைத்த பழைய டிவி ஆன்டெனாக் குழாயிலேயே அதை மாட்டினேன். கையெல்லாம் துரு வாசனை.

என் சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் கையிலும் இதே வாசனைதான். மழைக்காற்றில் அந்தச் சுவர்மேல் ஏறி நின்று ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே, "தெரியறதா?" என்று கத்துவார். வீட்டில் டிவி முழுக்க வெறும் புள்ளிகள். அம்மா ஜன்னல் வழியே, "நன்னா தெரியறது! இறங்கி வாங்கோ!" என்பாள். அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றவேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வேன். இறங்கி வந்த அப்பா டிவியை முறைப்பார். "இப்பத்தான் போச்சு" என்பாள் அம்மா, கொஞ்சமும் கூசாமல்.

தூறல் விழ ஆரம்பித்தது. சுவர்மேல் நின்று கடைசித் திருகை முடுக்கிக்கொண்டிருந்தேன். கீழே வாசலிலிருந்து என் மனைவி போனை உயர்த்திக் காட்டினாள்.

"சிக்னல் ஃபுல்லா வந்துடுத்து! இறங்கி வாங்கோ!"

ஆன்டெனாவுக்கு நான் இன்னும் ஒயரே கொடுக்கவில்லை.

"இதோ வந்துட்டேன்" என்று இறங்கினேன்.