ரூவிச் சந்துக் காப்பிக்கடை

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. சின்னமனூர்ச் சுருளியாண்டிக்குக் கதை கட்டத் தெரியாது. லீவு வாங்க மேனேஜரிடம் ஒரு பொய் சொல்லக்கூடத் தெரியாத ஆள் அவன். தெரிந்திருந்தால் பெற்றவளை உயிரோடு பார்த்திருப்பான்.

மஸ்கட்டில் ரூவி என்ற இடத்தில், கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றில் அவனுக்கு வேலை. ஊரில் அம்மா ராமுத்தாய்க்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. முன்னறைக் கட்டிலோடு கிடந்தாள். தம்பி சுரேஷ்கண்ணனும் அவன் பெண்டாட்டி உமாதேவியும்தான் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை தோறும் சுருளியாண்டி போன் போடுவான். அம்மாவுக்கு ஒரே கேள்விதான்.

"எப்பப்பா வர்றே?"

"அடுத்த மாசம் ஆத்தா."

அந்த அடுத்த மாசம் இரண்டு வருஷமாக வந்துகொண்டே இருந்தது. மேனேஜர் லீவு தரவில்லை என்பான். தம்பி, "ஒருக்கா வந்து மொகத்தக் காட்டிட்டுப் போங்கண்ணே" என்று கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதையே விட்டுவிட்டான்.

வெளிநாட்டில் எல்லாம் பழகிவிட்டது அவனுக்கு. வெயில் பழகிவிட்டது, எட்டுப் பேர் படுக்கும் அறை பழகிவிட்டது, குபூஸ் ரொட்டி பழகிவிட்டது. காப்பி மட்டும் கிடைக்கவில்லை. எந்தக் கடையில் ஏறினாலும் டின் பால் ஊற்றிய டீதான். காப்பி கேட்டால் சுடுதண்ணீரில் தூளைக் கலக்கிக் கொடுப்பார்கள். அதைக் குடிப்பதற்குச் சும்மா இருக்கலாம்.

அங்கே மத்தியானம் ஒரு மணிக்குக் கடையை அடைத்து நாலு மணிக்குத் திறப்பார்கள். ஒரு நாள் அறையில் தூக்கம் பிடிக்காமல் வெளியே நடந்தான். உச்சி வெயில். தெருவில் ஒரு ஈ, காக்கை இல்லை. கடைக்குப் பின்னால் இருக்கும் சந்து வழியாகப் போகும்போது மூக்கில் ஏறியது அந்த வாசனை. அப்போதுதான் வறுத்து இடித்த காப்பித்தூள்.

பச்சைக் கதவு ஒன்று திறந்திருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. உள்ளே போகிற வழியில் பூப்போட்ட சீலைத் துணி திரையாகத் தொங்கியது.

"வாங்க. இங்கன உக்காருங்க."

பெண் குரல். ஊர்ப் பேச்சு. உட்கார்ந்தான். திரைக்குப் பின்னாலிருந்து வளையல் போட்ட ஒரு கை எவர்சில்வர் டம்ளரை நீட்டியது. பால் காப்பி. சர்க்கரை தூக்கலாக, அவனுக்குப் பிடித்த பதம். மஸ்கட்டில் இருந்த பதினோரு வருஷத்தில் அப்படியொரு காப்பி அவன் குடித்ததில்லை. காசை நீட்டினான். கை அதற்குள் உள்ளே போய்விட்டது.

அன்றிலிருந்து தினமும் அங்கேதான். அறையில் யாரிடமும் மூச்சு விடவில்லை. நல்ல கடையைச் சொன்னால் நாலு பேர் வந்து கெடுத்துவிடுவான்கள் என்ற அற்பத்தனம்.

சில விஷயங்கள் இடித்தன. வேறு ஆளே அந்தக் கடைக்கு வரவில்லை. உள்ளே யாரோ இருமுவது கேட்கும். சுவர்க் கடிகாரம் மூன்று மணி காட்டும். அவன் கைபேசியில் ஒன்றரைதான் ஆகியிருக்கும். ஒரு நாள் திரைக்கு அந்தப் பக்கம் தகரத்தில் மழை பெய்கிற சத்தம்... வெளியே வந்து பார்த்தால் தலைக்கு மேல் வெயில். இன்னொரு நாள் பஸ் ஹாரன். கூடவே ஒரு கண்டக்டர் குரல், "கம்பம், கூடலூர், குமுளி..." என்று.

டிவியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அந்த வெள்ளிக்கிழமை போன் போட்டான். எப்ப வர்றே என்று அம்மா கேட்கவில்லை. வாய் கோணிய குழறலில் வேறொன்று கேட்டாள்.

"காப்பி நல்லாருந்துச்சாப்பா?"

நோயாளி ஏதோ பிதற்றுகிறாள் என்று, "நல்லாருந்துச்சு ஆத்தா" என்றான். ஆனாலும் மனசுக்குள் உறுத்தியது. அறையில் கூடத் தங்கியிருந்த உத்தமபாளையத்து நூர் முகம்மதுவிடம் மெல்லக் கேட்டான்.

"நம்ம கடைக்குப் பின்னாடி சந்துல காப்பிக்கடை வச்சிருக்கிறது யாரு பாய்?"

"அங்கன கடை ஏது? டயர் குடோன்தான அது. பூட்டியே கெடக்கு."

சுருளியாண்டி சிரித்துக்கொண்டான். பாய்க்குத் தெரியாதவரை நல்லது.

செவ்வாய்க்கிழமை. காலையில் சத்தத்தை அணைத்து மேஜை டிராயரில் போட்ட போனை மறந்துவிட்டுச் சந்துக்குப் போனான்.

வாசலில் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. இத்தனை நாளும் ஒன்றுதான் இருந்தது.

ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் சத்தம் இருந்தது. செருப்பைத் தேய்க்கிற சத்தம். மூக்கை உறிஞ்சுகிற சத்தம். ஊதுபத்தி வாசனை.

"வாங்க" என்று யாரும் சொல்லவில்லை.

கை வந்தது. டம்ளரைக் கொடுத்தது. பார்த்தான்.

கடுங்காப்பி.

"பால் இல்லையா?"

கை உள்ளே போய்விட்டது. வாங்க என்று சொல்லாமல், பால் ஊற்றாத காப்பியை எந்த வீட்டில் கொடுப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் குடித்தான்.

திரைக்குப் பின்னால் ஓர் ஆண் குரல். தொண்டை கட்டிப்போன குரல்.

"உள்ள வந்து ஒருதரம் பாத்துட்டுப் போங்கண்ணே."

என்னத்தைப் பார்க்க என்று அவன் கேட்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னான்.

"டூட்டி இருக்கு. நாளைக்குப் பாக்குறேன்."

எழுந்தான்.

காற்றே இல்லை. திரை மட்டும் விலகியது... ஒரு சாண்.

இரண்டு பாதங்கள்.

பெருவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது.

ஓடினான்.

கடையைத் திறந்து டிராயரை இழுத்தால் தம்பியிடமிருந்து ஏகப்பட்ட மிஸ்டு கால். எல்லாம் காலையில் வந்தவை. உடனே கூப்பிட்டான்.

"மூஞ்சியக்கூடப் பாக்காமப் போனவன் இனி எனக்குப் போன் பண்ணாத."

வைத்துவிட்டான். அண்ணே என்ற வார்த்தை இல்லை. பக்கத்து வீட்டு மலையம்மாளைப் பிடித்துத்தான் விஷயம் தெரிந்தது. "காலம்பறயே ஆத்தா போயிட்டாகப்பா" என்றாள். அவளும் உடனே வைத்துவிட்டாள்.

இரண்டு வருஷமாகக் கிடைக்காத லீவு அன்று அரை மணியில் கிடைத்தது. இரவே விமானம் ஏறி, மறுநாள் கொச்சியில் இறங்கி, குமுளி வழியாகப் பஸ் பிடித்தான். வழியெல்லாம் தம்பியின் கோபத்தை நினைத்து அழுதான். இரண்டு வருஷம் கடத்தியதைத்தான் குத்திக் காட்டுகிறான், கேட்க வேண்டியதுதான் என்று தேற்றிக்கொண்டான்.

தெருவில் இறங்கியபோது அவனை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. தெரிந்த முகங்களெல்லாம் வேறு பக்கம் திரும்பின. வீட்டு வாசலில் உமாதேவி நின்றிருந்தாள். அவன் கையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"விரல் காயம் ஆறிருச்சா மாமா?"

செவ்வாய்க்கிழமை காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது அவன் கட்டைவிரல் நசுங்கியது உண்மை. மருந்துக்கடையில் கட்டுப் போட்டுக்கொண்டான். அன்று இரவே விமானநிலையத்தில் அந்தக் கட்டைப் பிரித்து எறிந்துவிட்டான். ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னைக்குக் கட்டோடதான வந்தீக. நான்தான காப்பி கொடுத்தேன்."

அவள் சொல்லச் சொல்ல அவன் வாசல்படியில் சரிந்து உட்கார்ந்தான். கடைசிக் கொஞ்ச நாளாக மூணு மணியானால், அதாவது மஸ்கட்டில் ஒன்றரைக்கு, அம்மா வாசலைப் பார்ப்பாளாம். "பெரியவன் வந்துட்டான், வாங்கன்னு சொல்லு, காப்பி போட்டுக் கொடு" என்பாளாம். சீக்காளி மனசு நோகக் கூடாதென்று உமாதேவியும் வெறும் நாற்காலியைப் பார்த்து வாங்க என்று சொல்லி, டம்ளரை வைத்துவிட்டு வருவாளாம்.

"கொஞ்ச நேரத்துல டம்ளர் காலியாக் கெடக்கும். பூனை குடிக்குதுன்னு நெனச்சேன் மாமா. கேதத்தன்னைக்குத்தான் ஒங்களக் கண்ணால பாத்தேன். தெருவே பாத்துச்சு."

தம்பி உள்ளேயிருந்து வந்தான். மொட்டைத் தலை. கொள்ளி வைத்த கை. அழுது அழுது குரல் போயிருந்தது. திரைக்குப் பின்னால் கேட்ட அதே குரல்.

"கூப்பிட்டேன்ல? ஆத்தாவ ஒருதரம் பாத்துட்டுப் போங்கன்னு அத்தன பேரு முன்னால கூப்பிட்டேன்ல? டூட்டி இருக்குன்னு எந்திரிச்சே."

"நான் வரலடா... சத்தியமா இன்னைக்குத்தான் வர்றேன்."

பையைக் கவிழ்த்துப் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினான். கொச்சியில் குத்திய முத்திரை. அன்றைய தேதி. சுரேஷ்கண்ணன் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தான். அவன் முகத்தில் பயம் வந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"சரி. நீ வரல" என்றான். "அப்ப ஆத்தா காலப் பாத்துட்டு எதுக்கு ஓடுனே?"