தட்டிப் பார்த்து வாங்கிய ஸ்பீக்கர்

அம்மா தட்டிப் பார்க்காமல் எந்தப் பொருளும் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததில்லை. தேங்காய், பூசணிக்காய், மண்சட்டி, ஏன், என் கல்யாணத்துக்கு வாங்கிய பீரோவுக்குக்கூட நடுவிரல் முட்டியால் இரண்டு தட்டு விழுந்தது. அவள் வேலையே அதுதான். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில், சூளையிலிருந்து வெந்து இறங்கும் பீங்கான் கிண்ணங்களைத் தட்டிப் பார்த்துப் பிரிக்கிற மேசை அம்மாவுடையது. ‘ணங்’ என்றால் நல்ல சரக்கு. ‘சத்’தென்றால் கண்ணுக்குத் தெரியாத கீறல் உள்ளே ஓடியிருக்கிறது. மற்ற பெண்கள் சூளை வெக்கையில் தட்டு சுமக்க, அம்மா மண் அரைக்கிற மெஷின் பக்கம் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பாள். அந்த நாற்காலியைச் சம்பாதித்துக் கொடுத்தது அவளுடைய காது.

நான் ஏழாம் வகுப்பு படித்த வருஷம், அம்மா பார்த்து அனுப்பிய பெட்டி ஒன்று திரும்பி வந்தது. உள்ளே கீறல் கிண்ணங்கள் இருந்தனவாம். முதலாளி திட்டவில்லை. “பாத்துக்கக்கா” என்று மட்டும் சொன்னாராம். அதை அப்பாவிடம் சொன்ன அன்றைக்கு அம்மா பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டாள்.

அதே நாட்களில்தான் டிவியின் மேலும் அவளுக்குக் குறை வந்தது. “யாரு பேசுனாலும் கொழகொழன்னு இருக்குது. டிவி சத்தம் கெட்டுப்போச்சுங்க. தனியா ஸ்பீக்கரு வாங்கிப் போடலாமா?” என்று அப்பாவிடம் கேட்டாள். ஒரு சேலை வேண்டும் என்றுகூடக் கேட்டறியாதவள் அவள்.

அப்பாவுக்கும் எனக்கும் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அப்பா சேத்தியாத்தோப்பு போகும் தனியார் பஸ்ஸுக்கு டிரைவர். பின்படிக்கட்டில் தொங்குகிறவனுக்கும் பாட்டு கேட்டால் அது நல்ல ஸ்பீக்கர் என்பது அவர் கொள்கை. நானோ, எங்கள் வீட்டுக்கு ஹோம் தியேட்டர் வருகிறது, மொத்தம் ஐந்து பெட்டி, மூலைக்கு ஒன்று என்று வகுப்பில் அறிவித்துவிட்டேன். ஒரு அறைக்கு மூலை நான்குதானே என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

புதுசு வாங்குகிற வசதி இல்லை. ஜங்ஷன் ரோட்டில் பழைய டிவி, டேப் ரிக்கார்டர் விற்கும் கடைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் போனோம். நெய்வேலி குவார்ட்டர்ஸைக் காலி செய்து போகிறவர்கள் விற்ற சாமான்கள் அங்கே வந்து சேரும். கடைக்காரர் இரண்டு பழைய மரப்பெட்டிகளை இழுத்துப் போட்டார். முன்பக்கத் துணியைக் கழற்றி, நடுவில் அதிர்ந்து சத்தம் தரும் காகிதக் கோனைச் சுற்றிய ரப்பர் வெடிக்கவில்லை என்று காட்டினார். உள்ளங்கையால் கோனை மெல்ல அமுக்கி, உரசல் இல்லை என்றார். ஒரு சின்ன பேட்டரியை வயரில் தொட்டார். பெட்டி ‘டுப்’ என்று கண் விழித்தது.

“கையில இருக்குற காசுக்கு அஞ்சு சொத்தைய எடுக்காதீங்க. ரெண்டா இருந்தாலும் நல்லதா எடுங்க” என்றார்.

அம்மா முட்டியை நீட்டினாள். மரப்பெட்டி ‘தொப்’ என்றது. அடுத்ததும் ‘தொப்’. பக்கத்திலேயே ஆம்ப்ளிஃபயரோடு வெள்ளி நிறத்தில் ஐந்து பிளாஸ்டிக் பெட்டிகள் பளபளத்துக்கொண்டிருந்தன. அவற்றையும் தட்டினாள். ஐந்தும் ‘டங்’ என்று மரியாதையாகப் பதில் சொல்லின.

“மரம் ரெண்டும் உள்ள விரிசல் வுட்டிருக்குது தம்பி” என்றாள்.

கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அக்கா, கோன்தான் பேசணும். பொட்டி பேசவே கூடாது. தட்டுனா செத்தாப்புல கெடக்கணும், அதான் நல்ல பொட்டி.”

“பதினோரு வருஷமா தட்டுற கை தம்பி இது.”

அப்பா உடனே அம்மாவின் கட்சியில் சேர்ந்தார். மனைவியின் காதை நம்பியது பாதி, ஐந்து பெட்டி ஆசை மீதி. நானும் பலமாகத் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து மூலைக்கு ஒன்றாக வைத்து, ஐந்தாவதை அரிசி டிரம்மின் மேல் ஏற்றினோம். யார் எதைப் பேசினாலும் பெட்டிகளும் கூடவே அதிர்ந்து பேசின. செய்தி வாசிக்கிற பெண் அண்டாவுக்குள் இறங்கி வாசிப்பது போலிருந்தது. அப்பா சத்தத்தைக் கூட்டினார். அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது. அலமாரியில் டம்ளர்கள் நகர ஆரம்பித்தன.

அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்தாள். “ஏ பாப்பா, ஒனக்கும் கொழகொழன்னுதான் கேக்குதா?”

“ஆமாம்மா. ஒண்ணுமே புரியல.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. வாங்கி வந்த பொருள் சொத்தை என்றால் யாராவது மகிழ்வார்களா? அம்மா மகிழ்ந்தாள். அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வண்டிக்குப் போய்விட்டார். நானும் அம்மாவும் ஐந்து பெட்டிகளையும் சாக்கில் கட்டி ஆட்டோவில் ஏற்றிப் போனோம். கடைக்காரர் கொஞ்சம் முனகினார். பிறகு, ஆம்ப்ளிஃபயர் வீட்டிலேயே இருக்கட்டும், ஐந்துக்குப் பதில் அந்த மரப்பெட்டிகளைத் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். இந்த முறை அம்மா தட்டவில்லை.

“பாட்டு வேணாம் தம்பி. யாராச்சும் பேசுறதப் போடுங்க.”

ரேடியோவில் செய்தி ஓடியது. அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். “அவங்க சொல்றத நான் திருப்பிச் சொல்றேன் பாப்பா. சரியா இருந்தா சரின்னு சொல்லு. தப்புன்னா தப்புன்னு சொல்லு” என்றாள்.

கடைக்காரர் சொன்னது நிஜம்தான். பெட்டி வாயை மூடிக்கொண்டிருந்தது. செய்தி வாசிப்பவர் எதிரில் உட்கார்ந்து பேசுவது போல ஒவ்வொரு சொல்லும் துல்லியமாக வந்தது. முதல் வரியை அம்மா சரியாகச் சொன்னாள். இரண்டாவதில் பாதியை விட்டுவிட்டாள். மூன்றாவதாக அவள் சொன்னதை ரேடியோ சொல்லவேயில்லை.

சாயங்காலம் என் வகுப்புப் பெண்கள் மூன்று பேர் ஹோம் தியேட்டர் பார்க்க வருவதாக இருந்தது. தப்பு என்றால் அம்மா இதையும் வேண்டாம் என்பாள். ஐந்து இல்லாவிட்டாலும் இரண்டு பெட்டியாவது வேண்டுமே.

“சரி” என்றேன். அடுத்ததற்கும் சரி. அதற்கடுத்ததற்கும் “சரிம்மா.”

அம்மா கண்ணைத் திறந்தபோது அது கலங்கியிருந்தது. “நல்லா கேக்குது தம்பி, கட்டிக் குடுங்க” என்றாள். வழியில் ஆட்டோவை நிறுத்தி, நான் கேட்காமலேயே ஒரு பெரிய ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தாள். மடியில் மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு வரைக்கும் சிரித்தபடி வந்தாள். ஐந்து எப்படி இரண்டானது என்று தோழிகளுக்குச் சொல்லக் காரணம் தேடியபடி நான் ரோஸ் மில்க்கை அடிவரை உறிஞ்சினேன்.

பொங்கல் கழித்து, அம்மா பார்த்து அனுப்பிய இன்னொரு கிண்ணப் பெட்டி கம்பெனிக்குத் திரும்பி வந்தது. பிறகு இன்னொன்று. அம்மாவைச் சூளையில் தட்டு சுமக்க மாற்றினார்கள். அதன் பிறகுதான் அப்பா அவளைக் கடலூரில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனார். நானும் போயிருந்தேன். மண் அரைக்கிற மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து காது கெட்டிருக்கிறது, முன்னாலேயே வந்திருந்தால் மிச்சத்தையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

அப்பாவுக்குக் கோபம் வந்தது. “அப்பவே வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?” என்று அம்மாவிடம் சத்தம் போட்டுக் கேட்டார்.

“எனக்கும் சந்தேகமாத்தாங்க இருந்துச்சு. அன்னைக்குக் கடையில நல்லாத்தான கேட்டுச்சு? வேணும்னா பாப்பாவக் கேளுங்க” என்றாள் அம்மா.

அப்பா என் பக்கம் திரும்பினார். அந்தக் கடையில் நாங்கள் சோதித்துப் பார்த்தது ஸ்பீக்கரை என்றுதான் அந்த நிமிஷம் வரைக்கும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.