முப்பத்தொரு மணி நேரம்

ஒரு மனிதரின் வேலையை நான் பறித்தேன். மொட்டைக் கடிதம் எழுதவில்லை. யாரிடமும் கோள் மூட்டவில்லை. ஒரு கால அட்டவணை போட்டேன். அவ்வளவுதான்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். தெரிந்தே செய்தேன். செய்யும்போது ரசித்தேன்... ஆம், ரசித்தேன்! இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்கேனும் நான் வருந்துவதுபோல் எழுதியிருந்தால், இந்த வரியையும் சேர்த்தே படியுங்கள்.

எனக்கு வயது எழுபத்தொன்று. ஆண்டிபட்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அதில் இருபத்தொன்பது ஆண்டுகள் பள்ளியின் கால அட்டவணை என் கையில்தான் இருந்தது. எண்ணுவது என் பழக்கம். படிக்கட்டுகள், பேருந்தின் ஜன்னல்கள், தட்டில் விழும் இட்லி, கூட்டத்தில் பேசுகிறவர் எத்தனை முறை 'அதாவது' என்கிறார் என்பது... எல்லாவற்றையும் எண்ணுவேன். எண்ணாமல் விட்டால் நெஞ்சுக்குள் ஏதோ உருளும். நோயா இது? இருக்கலாம். மருத்துவரிடம் கேட்டதில்லை.

ஓய்வு பெற்றபின் பெரியகுளம் சாலையில், மாந்தோப்புகளுக்கு நடுவே புதிதாக வந்த ஒரு சர்வதேசப் பள்ளியில் என்னைக் கூப்பிட்டார்கள். பாடம் நடத்த அல்ல, அட்டவணை போட. கணினியில் போட்டுப் பார்த்துத் தோற்றிருந்தார்கள். நீச்சல் சொல்லித் தருபவர் மதுரையிலிருந்து செவ்வாயும் வியாழனும் மட்டும் வருவார். பிரெஞ்சு ஆசிரியைக்கு மதியத்துக்கு மேல் முடியாது. அந்தச் சிக்கல்களை எல்லாம் தினசரிக் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் இரண்டே நாளில் தீர்த்துக் காட்டினேன்.

அங்கே ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு வெளிநாட்டுப் பாடத்திட்டம். மொழியும் இலக்கியமும், இரண்டாம் மொழி, மனிதரும் சமூகமும், அறிவியல், கணிதம், கலை, உடற்கல்வி, வடிவமைப்பு என்று எட்டுப் பாடத்துறைகள். எட்டும் சமம்! ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு ஐம்பது மணி நேரமாவது வகுப்பு நடந்திருக்க வேண்டும். ஒன்றில் குறைந்தாலும் பள்ளியின் அங்கீகாரத்துக்கே ஆபத்து.

என் பழைய பள்ளியில் ஓவிய வகுப்பு என்றால், பாடம் முடிக்காத கணக்கு வாத்தியார் போய் எடுத்துக்கொள்ளும் வகுப்பு. ஓவிய ஆசிரியரும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவார். இங்கேயோ கணக்குக்கும் ஐம்பது, கூத்துக்கும் ஐம்பது! அது எனக்கு முதல் நாளே உறுத்தியது. ஆனால் நான் செய்ததற்கு அது காரணம் அல்ல.

காரணம் இம்மானுவேல்.

போடியில் ஏலக்காய் வியாபாரக் குடும்பம். கடையில் உட்கார மனமில்லாமல் கலை ஆசிரியராக வந்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும். நாடகம், ஓவியம், பாட்டு எல்லாம் அவர்தான். பிள்ளைகள் அவர் பின்னால் கூட்டமாகத் திரிவார்கள். யாரைப் பார்த்தாலும் அரை நிமிடத்தில் அவர்களைப் போலவே நடந்து காட்டுவார்.

ஓர் ஆண்டு வகுப்புகள் முடிந்த அன்று ஆசிரியர்களுக்கும் குடும்பத்தாருக்கும் மதிய விருந்து. என் மனைவி கோமதியும் வந்திருந்தாள். சாப்பாடு முடிந்ததும் இம்மானுவேல் மேடை ஏறினார். மூக்கு நுனிக்குக் கண்ணாடியை இறக்கி, வேட்டியைப் பிடிப்பதுபோல் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, என் நடை!

"ஒண்ணு... ரெண்டு... மூணு... ஏம்ப்பா, இந்தப் படியில நேத்து ஏழு இருந்துச்சு, இன்னைக்கு ஆறுதான் இருக்கு, எவன்யா எடுத்துட்டுப் போனது?"

அரங்கம் அதிர்ந்தது. அவர் விடவில்லை. வடையை எண்ணினார். வடையின் ஓட்டையை எண்ணினார். கடைசியாக, கண்ணை இடுக்கிக்கொண்டு கோமதி உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார்.

"பொண்டாட்டி... ஒண்ணு! அப்பாடி, சரியா இருக்கு!"

நூற்றுப் பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். அதை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். நூற்றுப் பதின்மூன்றாவதாகச் சிரித்தவள் கோமதி. முந்தானையால் வாயைப் பொத்தி, கண்ணில் நீர் வர, பக்கத்தில் இருந்தவளின் தோளைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

"அப்படியே இவுக மாதிரியே இருக்குய்யா!"

நாற்பத்து மூன்று ஆண்டுகள் என்னோடு வாழ்ந்தவள். அத்தனை ஆண்டுகளில் ஒருநாளாவது அவளை நான் அப்படிச் சிரிக்க வைத்திருக்கிறேனா? பேருந்தில் வீடு திரும்பும்வரை யோசித்தேன். ஒருநாள்கூட இல்லை. பக்கத்து இருக்கையில் அவள் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

அன்று முதல் என் மனதுக்குள் அவர் 'அவன்' ஆனார்.

மே மாதம். அடுத்த ஆண்டுக்கான அட்டவணை போட உட்கார்ந்தேன். அந்த ஆண்டு முடிவில் அங்கீகாரக் குழு வரவிருந்தது. முதலில் அவர்கள் கையில் எடுப்பது எட்டாம் வகுப்பின் பதிவேடுகளைத்தான் என்பதும் எனக்குத் தெரியும்.

வாரத்தில் எந்த மணி சாகும் என்று என்னைவிட அறிந்தவர் யார்? திங்கள் முதல் மணி சாகும். காலைக் கூட்டத்தில் தாளாளர் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். வெள்ளி கடைசி மணி அதைவிட மோசம். குமுளிப் பக்கத்துப் பெற்றோர் விடுதிப் பிள்ளைகளை அழைத்துப் போக மூன்று மணிக்கே வந்து நிற்பார்கள். கம்பம் வேனும் போடி வேனும் மழைக்குப் பயந்து அதற்கும் முன்னால் கிளம்பும்.

எட்டாம் வகுப்புக் கலைக்கு வாரம் இரண்டு மணி. எந்த இரண்டைக் கொடுத்தேன் என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

காகிதத்தில் எந்தக் குறையும் இல்லை. முப்பத்தாறு வாரம், எழுபத்திரண்டு மணி நேரம்! வேண்டியதைவிட இருபத்திரண்டு அதிகம். பாடத்திட்ட ஒருங்கிணைப்பாளர் அம்மையார் அதைப் பார்த்துவிட்டு, "கலைக்குத் தாராளமா குடுத்திருக்கீங்களே சார்" என்று பாராட்டினார். தலையை ஆட்டினேன்.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு சின்ன நோட்டில் எண்ணிக்கை எழுதினேன். எத்தனை மணி நடந்தது, எத்தனை மணி செத்தது. வெள்ளிக்கிழமைகளில் வேன்கள் வாசலைத் தாண்டும்போது மாடி ஜன்னலில் நின்று பார்ப்பேன். கையில் தாளக்கட்டைகளோடு காலி வகுப்பில் அவன் நிற்பான். அந்த நேரத்தில் எனக்குள் இருந்தது என்ன என்று கேட்கிறீர்களா? இனிப்பு. நீரிழிவுக்காரன் பல ஆண்டுகளாகத் தொடாத இனிப்பு.

நவம்பரில் ஒருநாள் அவனே வந்தான்.

"சார், வெள்ளிக்கெழமை கிளாஸ் பூராம் அடிபட்டுப் போகுது. மழை வேற. வேற எங்கனயாச்சும் மாத்தித் தர முடியுமா?"

"ஒன்றை அசைத்தால் எட்டும் அசையும் தம்பி. அடுத்த பருவத்தில் பார்ப்போம்."

"சரி சார், நீங்க பாத்துச் செய்யுங்க."

பார்த்துத்தான் செய்தேன்! புதன் மூன்றாம் மணி சும்மா கிடந்தது. நூலக நேரம் என்று அதற்கு நானே பெயர் வைத்திருந்தேன்.

இதைவிடக் கீழான ஒன்றும் உண்டு. அரையாண்டில் ஒவ்வொரு துறையிலும் எத்தனை மணி நடந்தது என்று அறிக்கை தரவேண்டும். குறைந்திருந்தால் ஆசிரியர் மீதிப் பருவத்தில் ஈடுகட்டலாம். ஏழு துறைகளுக்கு நடந்த மணியை எழுதினேன். கலைக்கு மட்டும் அட்டவணை மணியை எழுதினேன். முப்பத்தாறு. உண்மையில் நடந்தது பதினைந்து.

அவன் கையெழுத்து வேண்டும். சாப்பாட்டு வரிசையில், ஒரு கையில் தட்டோடு நிற்கும்போது தாளை நீட்டினேன். பார்க்கவே இல்லை.

"நீங்க எண்ணி எழுதுனதுக்கு நான் என்னத்தப் பாக்க?" என்று சொல்லி, தாளை என் முதுகிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டான். என் முதுகில்! பேனாவின் அழுத்தம் சட்டையைத் தாண்டித் தெரிந்தது.

மார்ச் கடைசியில் குழு வந்தது. இரண்டு வெளிநாட்டவர், ஒரு பெங்களூர்க்காரர். எட்டாம் வகுப்பின் வருகைப் பதிவையும் அட்டவணையையும் அருகருகே வைத்தார்கள். ஏழு துறைகளும் தேறின. கலை தேறவில்லை. அரையாண்டு அறிக்கையை எடுத்தார்கள். முப்பத்தாறு என்ற எண்ணுக்குக் கீழே இம்மானுவேலின் கையெழுத்து.

பள்ளிக்கு ஆறு மாத அவகாசம் கிடைத்தது. அதற்கு ஒரு விலை வேண்டும் அல்லவா? நடக்காத வகுப்பை நடந்ததாகக் காட்டிய ஆசிரியர் என்று சொல்லி அவரை அனுப்பிவிட முடிவு செய்தார்கள். அட்டவணை போட்டவனை யாரும் கேட்கவில்லை. அட்டவணைதான் எழுபத்திரண்டு காட்டுகிறதே!

போவதற்கு முந்தின நாள் அவர் என் மேசைக்கு வந்தார். கையில் வருகைப் பதிவேடு. முகம் சவரம் செய்யாமல் இருந்தது.

"சார், எனக்கு நம்ப முடியல. அந்த ஆளுக ஏதோ அவசரத்துல எண்ணிட்டுப் போயிட்டாகளோன்னு தோணுது. நீங்க ஒருக்கா எண்ணிச் சொல்லுங்க. நீங்க சொன்னா ஒத்துக்கிறேன்."

"நான் எதற்கு..."

"நீங்க எண்ணுனா கடவுளே வந்தாலும் மாத்த முடியாது சார்."

அந்த நேரத்திலும் கேலி! அல்லது கேலி இல்லையோ? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எண்ணினேன். திங்கள் இருபது, வெள்ளி பதினொன்று. ஒன்றாவது தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேனா? இல்லை, சரியாக இருக்கிறது என்று மகிழ்ந்தேனா? இரண்டும் இருந்தன. இரண்டில் எது அதிகம் என்று மட்டும் எண்ணத் துணியவில்லை.

"முப்பத்தொன்று."

பதிவேட்டை மூடினார்.

"அப்ப சரிதான். எனக்குத்தான் எண்ணத் துப்பில்ல" என்று எழுந்து, என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் சொன்ன எண்ணில் பொய் இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. பொய் சொல்லியிருந்தால் பொய்யன் என்று என்னை நானே திட்டிக்கொண்டாவது இருப்பேன்.

கோமதிக்கு ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"அந்த நாடக வாத்தியார நிறுத்திட்டாகளாமே? ரெண்டு பொட்டப்புள்ளைக இருக்கு அவருக்கு."

"வகுப்பு சரியாக நடத்தவில்லை. மணிக்கணக்கு குறைந்துபோனது."

கரண்டிச் சத்தம் நின்றது.

"மணிக்கணக்கு போடுறது நீங்கதான?"

"ஆமாம்."

கரண்டிச் சத்தம் மறுபடி கேட்டது. அன்றிலிருந்து இன்றுவரை என்னைப் பார்த்து அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. சோறு வைக்கிறாள், மாத்திரை எடுத்துத் தருகிறாள். தெரிந்துகொண்டாளா? கேட்டுவிடலாம்... கேட்டால் பதில் வருமே!

புதிய கலை ஆசிரியைக்குச் செவ்வாய் இரண்டாம் மணியும் புதன் மூன்றாம் மணியும் கொடுத்தேன். பிப்ரவரியிலேயே ஐம்பதைத் தாண்டிவிட்டது. எவ்வளவு எளிது, பாருங்கள்!

சென்ற மாதம் இம்மானுவேல் தொலைபேசியில் அழைத்தார். கம்பத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் கல்யாணப் பேனர் வடிவமைக்கிறாராம். திண்டுக்கல் பக்கம் இதே பாடத்திட்டம் உள்ள பள்ளியில் விண்ணப்பித்திருக்கிறார். அந்த மணிக்கணக்கு விஷயம் அவர்கள் காதுக்கும் போயிருக்கிறது. அதுபற்றிப் பழைய பள்ளியிலிருந்து யாராவது எழுதித் தரவேண்டுமாம்.

"நீங்க எழுதுனா நம்புவாக சார். நாலு வரி போதும்."

நான்கு வரி எழுதினேன். திறமையானவர். பிள்ளைகள் விரும்பும் ஆசிரியர். நேரம் தவறாதவர். நேர்மையானவர். பேனாவை மூடினேன். மறுபடி திறந்தேன். வகுப்பு நடக்க முடியாத மணிகளை அவருக்கு வேண்டுமென்றே ஒதுக்கியவன் நான், அறிக்கையில் தவறான எண்ணை எழுதியவனும் நான். இந்த ஒரு வரியை எழுதினால் போதும். அவர் நிமிர்ந்துவிடுவார். நான்?

மூடிவிட்டேன். தபாலில் சேர்த்தேன்.

அந்த நிமிடத்தில்கூட உள்ளே ஒரு மூலையில் நூற்றுப் பன்னிரண்டு பேரின் சிரிப்பு கேட்டது. இன்னும் பழி தீரவில்லை என்று ஒரு குரல். எழுபத்தொரு வயதில்! உங்களுக்கு அருவருப்பாக இருக்கிறதா? இருக்கட்டும்.

நேற்று அவர் மறுபடி அழைத்தார்.

"கெடைக்கல சார். ஆளு நல்லவருன்னு எழுதியிருக்கு, ஆனா மணி ஏன் கொறஞ்சதுன்னு அதுல இல்லையேன்னு கேட்டாக. மழைன்னு, வேனுன்னு நான் சொன்னா யாரு நம்புறா? பரவால்ல சார்... நீங்க எழுதிக் குடுத்ததே பெருசு. அம்மாவக் கேட்டேன்னு சொல்லுங்க."

இரண்டு நிமிடம் பதினோரு வினாடி பேசினோம். அதில் நான் சொன்னது ஒரே ஒரு சொல்.

"சரி."