கொண்டி இல்லாத கதவு

என் கைப்பையின் உள்ளறையில் ஒரு முழம் பாவாடை நாடா கிடக்கிறது. வெள்ளையாக இருந்தது, இப்போது சாம்பல் நிறம். மும்பை செம்பூரில் என் வீட்டுக் குளியலறைகள் இரண்டுக்கும் உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது. இந்த நாடாவுக்கு அங்கே வேலையில்லை. ஆனாலும் பை மாறும்போதெல்லாம் இதுவும் கூடவே வருகிறது. என் அத்தை கொடுத்தது. அப்பாவின் அக்கா. தாராவியில் எங்களுக்கு அடுத்த அறையில் இருந்துகொண்டு தோல் பட்டறைக்குக் கைப்பை தைத்துக் கொடுத்தவள்.

எங்கள் சந்துக்கென்று இருந்த பொதுக் கழிப்பறையில் பெண்கள் பக்கம் நான்கு கதவுகள். ஒன்றுக்கும் கொண்டி கிடையாது. கொண்டி இருந்த இடத்தில் ஓட்டை மட்டும் இருக்கும். அதில் நாடாவைக் கோத்து, சுவரிலிருந்த ஆணியில் சுற்றி, நுனியை ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி உட்கார வேண்டும். நான் உள்ளே இருக்கும்போது அத்தை வெளியே ஒரு காலைக் கதவில் முட்டுக்கொடுத்து நின்று, ஆண்கள் வரிசையைப் பார்த்துச் சத்தம் போடுவாள். எனக்கு அப்போது கோபமே வந்ததில்லை. உலகத்தில் எல்லாக் கதவும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால்தான் இன்று கோபம் வருகிறது.

ஓட்டு விஷயத்தில் எங்கள் சந்துக்கு ஒரு வழக்கம் உண்டு. தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஊர்ச் சங்கத்தில் ஆண்கள் கூடுவார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் எல்லோருக்குமாகத் தலைவர் ஒரு சின்னத்தைச் சொல்லுவார். ஆண்கள் வீட்டுக்கு வந்து அதைப் பெண்களிடம் சொல்லுவார்கள். கோயில் கொடை விழாவுக்குப் பந்தல், சங்கத்துக்கு நாற்காலி என்று அதற்குள் கட்சிக்காரர்களிடம் ஏதோ பேசி முடித்திருப்பார்கள். அந்த நாற்காலியில் எந்தப் பெண்ணும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அத்தை அந்தச் சின்னத்தைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். ஓட்டுப்போடும் நாள் காலையில் நான்கு கதவுகளையும் போய்ப் பார்ப்பாள். பதவியில் இருக்கிறவன் கொண்டி போடவில்லையா, அவனுக்கு ஓட்டு இல்லை. மாநகராட்சிக்கும் அதுதான், டெல்லிக்கும் அதுதான்.

என் முதல் ஓட்டு நாடாளுமன்றத்துக்கு. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மேதாவி நான். “அத்தை, இது டெல்லி எலக்ஷன். கக்கூஸ் கதவெல்லாம் நகர்சேவக் வேலை” என்று விளக்கினேன். நகர்சேவக் என்றால் எங்கள் வார்டின் மாநகராட்சி உறுப்பினர். அத்தை மெஷினை நிறுத்தவில்லை. “டெல்லிக்குப் போறவன் வயித்தக் கட்டிக்கிட்டா போறான், அவனுக்குக் கக்கூஸ் வேண்டாமா? நாட்ட நீ பாத்துக்கோட்டி. இந்தக் கதவ யாரு பாப்பா?” என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

அதற்கடுத்த மாநகராட்சித் தேர்தலில் ஒரு வேட்பாளர் மாலையும் மேளமுமாகச் சந்துக்குள் வந்தார். அத்தை நேரே அவரைப் பெண்கள் கழிப்பறைக்கு அழைத்துப் போய், உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள் என்று தன் அரைகுறை இந்தியில் சொன்னாள். மேளம் நின்றது. அவர் சாத்தினார், கதவு தானே திறந்துகொண்டது. மறுபடி சாத்தினார். வெளியே அத்தனை பெண்களும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளே நான்கு கதவுக்கும் பளபளவென்று கொண்டி வந்தது. சங்கம் வேறொருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தது. “ஒரு பொம்பளயால சந்தே ரெண்டாப் போச்சு” என்று தலைவர் கத்தினார். அப்பா தன் அக்காவோடு இரண்டு மாதம் பேசவில்லை. பெண்கள் எல்லோரும் கொண்டிக்கே ஓட்டுப் போட்டார்கள். கொண்டி போட்டவர் ஜெயித்தார்.

மழைக்காலம் வரைகூட அது தாங்கவில்லை. உளுத்த மரத்தில் குட்டை ஸ்குரு. கொண்டி கையோடு வந்துவிட்டது. அத்தை அதைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு அவர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். போனபோதெல்லாம் சாகேப் மீட்டிங்கில் இருந்தார். அவர் பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு மாநகராட்சித் தேர்தலே நடக்காத வருடங்கள் வந்தன. ஓட்டால் தண்டிக்கக்கூட எங்களுக்கு ஆள் இல்லை. அந்த நாட்களில் ஒரு காலை, எவனோ குடித்துவிட்டு வந்து வெளியிலிருந்து கதவைத் தள்ளினான். அத்தையின் நாடா அறுந்தது. பின்னால் விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது, தைக்கிற கை. யாரும் பார்க்கக் கூடாத கோலத்தில் அவளைப் பார்க்க ஒரு கூட்டமே கூடிவிட்டது. அவள் மகன் வந்து, புறநகரான கல்யாணில் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். எலும்பு கூடியது, மெஷினில் அவள் மறுபடி உட்காரவில்லை.

அடுத்த நாடாளுமன்றத் தேர்தலில் நான் கல்யாணமாகிச் செம்பூரில் இருந்தேன். எங்கள் கட்டடத்து மொட்டைமாடியில் வேட்பாளருக்கு டீயும் சமோசாவும். கார் நிறுத்த இடமில்லை என்றார்கள், தெருநாய் தொல்லை என்றார்கள். எனக்கோ வேறொன்று அப்போதுதான் உறைத்தது. மாநகராட்சிக்கு என் வார்டு வேறு; அந்த ஓட்டை வைத்து அத்தையின் கதவை நான் தொடவே முடியாது. டெல்லிக்கு மட்டும் செம்பூரும் தாராவியும் ஒரே தொகுதி. நான் சிரித்தேனே, அந்த ஓட்டு ஒன்றுதான் அங்கே வரை எட்டும். இது எனக்குப் புரிவதற்கு அத்தையின் மணிக்கட்டு முறிய வேண்டியிருந்தது.

எழுந்து போய் நாடாவை மேஜைமேல் வைத்தேன். நான்கு கதவுகளைப் பற்றியும் சொன்னேன். கட்டடச் செயலாளர் அவசரமாக என் பக்கம் குனிந்து, “மேடம், இது லோக்சபா எலக்ஷன்” என்றார். நான் அன்று சொன்னதேதான். வேட்பாளர் நாடாவைச் சமோசாத் தட்டின் அருகிலிருந்து ஒரு விரலால் தள்ளிவைத்துவிட்டு, குறித்துக்கொள்கிறோம் என்றார். அங்கே ஒருவர் கையிலும் பேனா இல்லை.

ஓட்டுப்போடும் நாள் காலையில் முதலில் தாராவிக்குப் போனேன். மூன்றாவது கதவின் ஓட்டையில் ரோஸ் நிற நாடா ஒன்று இறுக்கி இழுக்கப்பட்டிருந்தது. “ஆள் இருக்கு!” என்று உள்ளேயிருந்து ஒரு சிறுமி கத்தினாள். அவள் வெளியே வரும்வரை காலைக் கதவில் முட்டுக்கொடுத்து நின்றேன். பிறகு செம்பூருக்குத் திரும்பி, டீ குடித்துவிட்டுப் போனவரின் பெயரைத் தாண்டி, வேறொரு பொத்தானை அமுக்கினேன்.

சாயங்காலம் அத்தை கல்யாணிலிருந்து போன் செய்தாள். யாருக்குப் போட்டாய் என்று கேட்கவில்லை.

“கொண்டி இருக்காட்டி?”

“இல்ல அத்தை.”

“அப்பம் நாடாவத் தூரப் போட்டுறாத.”

போடவில்லை. பையில்தான் இருக்கிறது. அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிறவன் வரட்டும்.