செட்டல் மாரியண்ணன்

மாரியண்ணனின் மகன் காலையில் போன் செய்து, "மாமா, அப்பா தவறிட்டாரு. வேன், மாலை, மேளம் எல்லாம் யாரு செட்டல் பண்றது?" என்று அழுதான். "அப்பாகிட்ட கேளு" என்று வாய் வரை வந்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் கல்யாணமோ கருமாதியோ, அவரிடம்தானே கேட்போம்!

தேயிலைத் தொழிற்சாலையில் அவர் ஃபிட்டர், நான் அவர் கூட்டாளி. ஆங்கிலத்தில் அவருக்கு ஒரே சொல்தான் தெரியும் என்று கேலி செய்வேன். மெஷின் ஓடினால் செட்டல். சாப்பிட்டாயிற்றா என்றால் செட்டல். மாப்பிள்ளை அமைந்தால், கூரை ஒழுகல் நின்றால், அழுத பிள்ளை தூங்கினால், எல்லாம் செட்டல். முடிந்தது, சரியானது, கிடைத்தது, அடங்கியது என்று தமிழில் எத்தனை இருக்கின்றன! மனிதர் அத்தனையையும் அந்த ஒன்றிலேயே மூட்டை கட்டிவிட்டார். "தாலியக் கட்டிட்டு ஐயரப் பாத்து 'செட்டல்லா'ன்னாரு இந்த ஆளு" என்று அண்ணி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு திருவிழாவுக்கு முன்னால், "மழ வந்தா என்னண்ணே?" என்றேன்.

"செட்டல்."

"மழையுமா?"

"மேல பேசிட்டேன்லா."

அன்று கொட்டித் தீர்த்தது. சொட்டச் சொட்ட வந்தவர், "பேசினது உண்ம. அவரு கேக்கல" என்றார்.

எனக்கும் தம்பிக்கும் அப்போது பேச்சே கிடையாது, தோட்டத்துக்கே தெரியும். அப்பா படம் யார் வீட்டில் இருப்பது என்று சண்டை. தானா ராத்தா டவுனில் அந்தப் படத்துக்கு ஒரு நகல் எடுத்திருந்தால் தீர்ந்திருக்கும். வீம்பு விட்டதா? ஒரே லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்துகொண்டு முகம் பார்க்காமல் கிடந்தோம். அம்மா இரண்டு வீட்டிலும் சாப்பிடாமல் அழுதாள். "நான் செட்டல் பண்றேன்" என்றார் மாரியண்ணன். கிழித்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதே திருவிழா அன்னதானத்தில் சோற்று அண்டாவைத் தூக்க ஆள் நிறுத்தியது அவர்தான். அண்டாவைத் தொங்கவிட்ட மூங்கிலின் ஒரு முனையில் நான், மறுமுனையில் தம்பி! சாமி காரியம், மறுக்க முடியாது. ஈரப் படியில், கொதிக்கும் அண்டாவோடு வாயை மூடிக்கொண்டு இறங்க முடியுமா?

"மெதுவாடா!" என்று கத்தினேன்.

"நீ மொதல்ல கால பாத்து வை!" என்று அவன் கத்தினான்.

பந்தல் வரை திட்டிக்கொண்டே வந்தோம். இறக்கி வைத்ததும் என் கையைப் பிடித்துப் பார்த்து, "சுட்டுருச்சாண்ணே?" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாரியண்ணன் தன் பாட்டுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய கடைசிக் காரியங்களை நானும் தம்பியும்தான் ஓடி ஓடிச் செய்தோம். மேளத்துக்கு நான் ஒருவரிடம் சொல்ல, அவன் ஒருவரிடம் சொல்ல, இரண்டு கோஷ்டியும் வந்து அடித்தார்கள்.

மாரியண்ணன் எனக்கு விட்டுப்போனது என் தம்பியை. இதை எழுதவிடாமல் வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்கிறான்: "சாப்புட வாண்ணே, ஆறிப்போச்சுலா!"