கை வைக்க விடாத கோகிலவாணி

கொல்லிமலையில் தைரியசாலிகளுக்குக் குறைவில்லை. சரிவுகளில் குட்டிக்கரணம் அடித்துவிட்டு வந்து, அந்தக் கதையை டீக்கடையில் கால்மேல் கால் போட்டுச் சொல்லும் டிராக்டர்காரர்களைக் கேட்டால் தெரியும். பயந்தாங்கொள்ளி என்று ஊரே சேர்ந்து பட்டம் கொடுத்து, அதைப் பதக்கம்போல் குத்திக்கொண்டு திரிகிற ஆள் இந்த மலையின் எடப்புளி நாட்டில் ஒருத்திதான். கோகிலவாணி. இதுவரை வண்டி கவிழ்க்காததால் டீக்கடையில் சொல்ல அவளிடம் கதையே கிடையாது.

அவள் டிராக்டர் ஓட்ட வந்ததும் வீரத்தால் அல்ல. கணவன் அர்த்தனாரி வண்டி வாங்கிய புதிதில் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஒரு டிரைவரை வரவழைத்தான். கீழ்நாட்டு வயல்களில் பேர் வாங்கிய ஆள். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காட்டின் சரிவை நின்று பார்த்தான், குனிந்து பார்த்தான், டீ குடித்துவிட்டு வந்துவிடுவதாகச் சொன்னான். இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறான். வண்டி சும்மா நிற்பதைப் பொறுக்காமல் கோகிலவாணி ஏறி உட்கார்ந்தாள்.

ஏறிய மாதத்திலேயே பாடம் வந்தது. கலப்பையோடு ஒரு செங்குத்து மேட்டில் நேராக ஏற்றினாள். முன்சக்கரங்கள் இரண்டும் நிதானமாகத் தரையை விட்டு எழுந்தன. பாதை தெரியவேண்டிய இடத்தில் மேகம் தெரிந்தது. கிளட்ச்சை மிதித்ததால் மூக்கு திரும்பக் கீழே விழுந்தது. இல்லையென்றால் வண்டி அவள்மேல் மல்லாந்திருக்கும்.

அன்றிலிருந்து மேடு ஏறுவதென்றால் அவள் ரிவர்ஸில்தான் ஏறுவாள். கனமான பின்பக்கம் மேலே, இலேசான மூக்கு கீழே. இறங்கும்போது முதல் கியர். நியூட்ரல் என்ற பேச்சே கூடாது. சரிவுக்குக் குறுக்கே போகமாட்டாள். புது நிலமென்றால் இறங்கி நடந்து, ஒரு கம்பால் மண்ணைக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் சக்கரத்தை வைப்பாள். மாமனார் வீட்டுக்குப் போகிற புது மாப்பிள்ளைகூட இத்தனை தயங்கமாட்டான் என்று சொல்லிச் சிரித்தவர் அர்த்தனாரியின் பெரியப்பா ராசப்பன். ஊர் அவரோடு சேர்ந்து சிரித்தது. முதுகு காட்டிக்கொண்டு மலையேறுகிறவளைப் பார்த்தால் சிரிப்பு வராதா என்ன?

இதில் வந்த ஒரே கெடுதல், அவள் அலுங்காமல் ஓட்டுவதைப் பார்த்து அர்த்தனாரிக்கும் தைரியம் வந்துவிட்டதுதான். டிராக்டர் ஓட்டுவது இவ்வளவு சுலபமா என்று அவனும் ஓட்டப் பழகினான். அவள் அதைச் சுலபமாக்கப் பட்ட பாட்டை மட்டும் பழகவில்லை.

சென்ற மாசி மாதம், கிழங்கு மூட்டைகளை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு, லாரி நின்ற ரோட்டுக்கு அவன் புறப்பட்டான். பனி இன்னும் மண்ணில் இருந்தது. சுற்றுப்பாதையில் போனால் டீசல் வீண். ஆகவே சரிவுக்குக் குறுக்கே இறக்கினான். இன்ஜின் ஓடினாலும் டீசல் வீண். ஆகவே அதை நிறுத்தி நியூட்ரலில் விட்டான். இவ்வளவு சிக்கனமாக யாரும் ஆபத்துக்குள் போனதில்லை.

ரோட்டில் லாரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்த கோகிலவாணிக்குக் கல் சரியும் சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தாள். காட்டின் ஓரத்துக் கல்கட்டு இடிந்து, வலது முன்சக்கரம் வெளியே தொங்கியது. இடது பின்சக்கரம் தரையைவிட்டு ஒரு சாண் எழும்பியிருந்தது. பின்னால் டிரெய்லர், வரிசையில் நின்று முதுகைத் தள்ளும் அவசரக்காரனைப் போல. கீழே மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், அதற்கும் கீழே ஓடைப் பள்ளம். ஹேண்ட் பிரேக்கின் பல் உடைந்து வெகுநாளாகிறது. பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போகும்போது சரிபண்ணிக்கொள்ளலாம் என்று வாராவாரம் போய், சந்தையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தான் அர்த்தனாரி. எனவே அத்தனை பாரத்தையும் பள்ளத்துக்கு விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது, பிரேக் மிதியில் இருந்த அவன் வலது கால் ஒன்றுதான். காலை எடுத்துக் குதித்தால், அவன் குதிப்பதற்குள் வண்டி உருளும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று வண்டிக்குக் கீழே நின்றது. அது ஊர்.

எடப்புளி நாட்டில் யாருடைய எது சிக்கிக்கொண்டாலும், மாடோ, மாப்பிள்ளையோ, மினி லாரியோ, எல்லோரும் வந்து கை வைப்பார்கள். வராதவன் வீட்டு விசேஷத்துக்கு ஊர் போகாது. வந்த கையை வேண்டாம் என்பது அதைவிடப் பெரிய குற்றம். அந்த வழக்கப்படி பத்துப் பதினைந்து பேர் பள்ளத்துப் பக்கம் நின்று, வண்டியின் மூக்குக்குத் தோள் கொடுத்திருந்தார்கள். தொங்கும் சக்கரத்துக்கு நேர் கீழே, தலையில் துண்டோடு ராசப்பன்.

“பெரியமாமா, கையெ எடுங்க. எல்லாரும் மேல வந்துருங்க” என்றாள் கோகிலவாணி.

“கையெ எடுக்கறதா? என்ற பையன் மேல உக்காந்திருக்கறான் அம்மிணி.”

“அவரு ஒருத்தரு போனாப் பத்தாதுங்களா? ஊரே கூடப் போகோணுமா?”

சீட்டிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

“ஏம் புள்ள, நாம் போறதுன்னு முடிவே பண்ணிட்டயா?”

“நீங்க பேசாதீங்க. பேசுனாக் கால் ஆடும்.”

ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். கடைசியாக வந்த ராசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தூரத்தில் ஒரு பாறையில் போய் உட்கார்ந்தார். இத்தனை வயதில் தன் கையைத் தட்டிவிட்டவர் யாருமில்லை என்று பாறையிடம் சொன்னார்.

இதற்குள் பக்கத்துக் காட்டு பூபதி தன் டிராக்டரை மேலே சுற்றுப்பாதையில் கொண்டுவந்து நிறுத்தி, ஒரே இழுப்பில் தூக்கிவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். சங்கிலியைத் தன் சீட்டுக்குப் பின்னால் உயரமாக மாட்டியிருந்தான். கோகிலவாணி அதைக் கழற்றிக் கீழே, இழுவைக் கொக்கியில் மாட்டினாள். உயரத்தில் மாட்டி இழுத்தால் இழுக்கிற வண்டியே மூக்கைத் தூக்கிக்கொண்டு மல்லாந்துவிடும் என்றாள். “அப்பறம் உங்களெ யாருங்க இழுக்கறது?” பூபதி வண்டியை விட்டே இறங்கி நின்றுகொண்டான்.

அவள் வேலையில் இறங்கியதும் ஊருக்குப் பொறுமை போனது. ஆள் உயிருக்குப் போராடும்போது இவள் கல்யாணப் பந்தல் போடுகிறவளைப் போல நடந்து பார்க்கிறாள் என்று முணுமுணுப்பு. வண்டியின் மேட்டுப் பக்கமாகவே போய் வந்தாள். கம்பால் மண்ணைக் குத்தினாள். அர்த்தனாரியை இடது காலால் கிளட்ச்சை மிதித்து முதல் கியரில் போடச் சொன்னாள். ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது கியரை நம்பக்கூடாது. நம்பவும் இல்லை. மேலே இருந்த முதிர்ந்த பலாமரத்தின் அடியில் இரும்புக் கயிற்றைச் சுற்றி, டிரெய்லரின் சட்டத்தோடு கட்டினாள். இன்னொன்றை டிராக்டரின் பின் அச்சுக்குக் கொடுத்தாள். கிணற்று மோட்டார் தூக்குகிற செயின் பிளாக்கைப் போட்டு இரண்டையும் விறைப்பாக்கினாள். டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னால் கல்லை, பக்கத்தில் நின்றபடி நீளக் கம்பால் தள்ளிவைத்தாள். கயிற்றின்மேல் நனைத்த கோணிச் சாக்குகளைப் போர்த்தினாள். அறுந்தால் கயிறு சாட்டையாக வீசும், சாக்கு அதை அமுக்கும். கயிற்றுக்கு நேராக யாரும் நிற்கக்கூடாது என்று விரட்டினாள். வீடியோ எடுத்தவர்கள் இரண்டுமுறை இடம் மாறினார்கள்.

“இப்பக் காலெ எடுங்க” என்றாள்.

அர்த்தனாரி எடுக்கவில்லை.

“கயிறு பிடிச்சுக்கும். எடுங்க.”

“வரமாட்டீங்குது புள்ள.” அவன் எடுக்கத்தான் பார்த்தான். கால் அவன் பேச்சைக் கேட்கவில்லை. இத்தனை நேரம் பாரத்தைத் தாங்கிய கால், தாங்குவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மறந்துவிட்டிருந்தது.

கோகிலவாணி மேட்டுப் பக்கப் படியில் ஏறினாள். பட்டப்பெயருக்குத் தகுந்தாற்போல் அவள் கையும் நடுங்கியது. பயம் என்றால் ஓடிப்போவது என்று நினைப்பவர்கள் அந்தக் கையைப் பார்த்திருக்கவேண்டும். நடுங்கிக்கொண்டே ஒரு முடிச்சை இன்னொருமுறை இழுத்துப் பார்த்தது. பிறகு அவன் கணுக்காலைப் பிடித்து, மிதியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கியது.

கயிறு முனகியது. வண்டி ஒரு விரற்கடை நகர்ந்தது. பலாமரம் சிலிர்த்து இரண்டு பழுத்த இலைகளை உதிர்த்தது. அவ்வளவுதான், நின்றுவிட்டது.

அவள் அவனை மேட்டுப் பக்கமாக இழுத்து இறக்கினாள். மண்ணில் உட்கார்ந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, கிழங்கு சிந்திவிட்டதா என்பது. இந்த ஆளைக் காப்பாற்றியது சரிதானா என்று அவள் ஒரு நிமிடம் யோசித்ததாகக் கேள்வி.

பிறகுதான் ஊருக்குக் கை வைக்க இடம் கிடைத்தது. மூட்டைகளை மேட்டுப் பக்கமிருந்து இறக்கிச் சுமந்துபோக அனுமதி தந்தாள். பறந்து வந்தார்கள். ராசப்பன் மட்டும் பாறையைவிட்டு எழவில்லை. வெறும் வண்டியானதும் கியரை நியூட்ரலுக்கு மாற்றிவிட்டு, பூபதியின் டிராக்டரில் அவளே ஏறி, நடைவேகத்துக்கும் குறைவாக இழுத்தாள். வண்டி வர வரப் பலாமரத்துக் கயிற்றையும் இறுக்கிக்கொண்டே வந்தார்கள். தொங்கிய சக்கரம் மண்ணுக்கு வந்து உட்கார்ந்தபோது, பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. சத்தமில்லை, சாகசமில்லை, வீடியோவில் ஒரு டிராக்டர் மெதுவாகப் பின்னால் போகிறது. அதை யார் பார்ப்பார்கள்?

அன்று மாலை வீட்டில் அர்த்தனாரி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. எடுத்து நீட்டினால் தானாக மடங்கி வந்து மறுபடி அழுத்தும். காப்பி குடித்தான், அழுத்தினான். நாளைக்கே ஹேண்ட் பிரேக்கைச் சரிசெய்வதாகச் சொன்னான், அழுத்தினான்.

வாசலில் ராசப்பன் வந்து நின்றார். உள்ளே வாருங்கள் என்றால் வரவில்லை. காப்பி வேண்டாம் என்றார். உலகத்தில் மரியாதை கெட்டுவிட்டது என்று பொதுவாகச் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் பார்வை அந்தக் காலில் விழுந்தது. தரையைக் கெட்டியாகப் பிடித்திருந்த அந்தப் பாதத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மிணி” என்றார் அடுப்படிப் பக்கம் திரும்பி. “இப்பவாச்சும் கை வெக்கலாமா?”

கோகிலவாணி எட்டிப் பார்த்தாள். பழக்கம் போகுமா? கட்டில் சுவரோடு ஒட்டி நிற்கிறதா என்று முதலில் பார்த்தாள்.

“வெய்யுங்க பெரியமாமா.”

ராசப்பன் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். தம்பி மகனின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் நீவிவிட ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் அது அழுத்துவதை நிறுத்தியது.