அரை அங்குலம்

என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க ஓர் அலுமினிய வட்டு கிடக்கிறது. நடுவில் பெரிய ஓட்டை, அதைச் சுற்றி நான்கு சிறிய ஓட்டைகள். கனம் சரியாக அரை அங்குலம். நானே லேத்தில் பிடித்துக் கடைந்தது என்பதால் நிச்சயமாகச் சொல்வேன். மின்விசிறி ஓடாத நேரத்திலும் என் கை அதைத் தேடிப் போகும். வைத்தால் எடுக்கத் தோன்றும், எடுத்தால் வைக்கத் தோன்றும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். விசைத்தறிச் சாமான்களும் பம்புசெட் உதிரிகளும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. அக்கா வீட்டுக்காரர், என் அத்தான், உரக்கடை வைத்திருந்தார். அவரிடம் ஒரு பழைய ஹெரால்டு கார் இருந்தது; அதன்மேல் அவருக்குப் பைத்தியம். மதுரையில் ஒரு டிங்கரைப் பிடித்து நான்கு மட்கார்டையும் வெட்டி, தகடு வைத்து அகலமாக்கிக் கொண்டுவந்துவிட்டார். வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த அகலத்துக்குள் பழைய சக்கரம் அப்பன் சட்டையைப் போட்ட பிள்ளை மாதிரி ஒடுங்கிக் கிடந்தது.

கோயம்புத்தூரில் பந்தயக் கார் ஓட்டும் ஒருவரிடம் அலாய் வீல் விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே இரண்டு செட் இருந்தன. ஒன்று எட்டு ஆரம் வைத்து மெலிந்தது, மற்றது நான்கு பட்டைக் கைகளோடு அகன்றது. இரண்டையும் சுவரில் சாய்த்துவைத்து, சந்தையில் மாட்டுக்குச் சுழி பார்ப்பவரைப் போல அரைநாள் சுற்றிச் சுற்றி வந்தார். அகன்றதையே எடுத்தார். ஊரில் மாட்டிப் பார்த்தால் அதுவும் உள்ளே தள்ளியே நின்றது.

சக்கரத்துக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவே ஒரு வட்டு வைத்தால் வெளியே வரும், ஸ்பேசர் என்பார்கள். கால் அங்குலத்தில் நான்கு கடைந்தேன். நட் எட்டுச் சுற்று ஏறியது. அத்தான் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தார்.

"இன்னும் வெளிய வரணும் மாப்ளே. பசிச்ச வயிறு மாதிரி ஒட்டிக் கெடக்கு. அரை இஞ்ச் போடு."

அரை அங்குலம் போட்டால் நட்டுக்கு இரண்டே சுற்றுதான் பிடி. நீளமான போல்ட்டுக்கு மதுரையில் சொல்லிவைத்து ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அவருக்கோ மறுநாளே சிவகிரியில் அண்ணன் கட்டிய புதுவீட்டுக்குப் பால்காய்ப்பு. அண்ணன்தம்பிகள் முன்னால் காரைக் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும்.

சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. எங்களில் அக்காளைக் கட்டியவர் என்றால் குறை சொல்லக் கூடாத ஆள். "கடையக் கவனிக்காம இந்தத் தகரத்தைக் கட்டிக்கிட்டு அழுதீய மாப்ள" என்று அப்பா சொன்ன ஒரே சொல்லுக்கு அத்தான் கோபித்துக்கொள்ள, அக்கா நான்கு மாதம் எங்கள் வீட்டில் கிடந்தாள். அவர் திரும்ப அழைத்துப்போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "சரி அத்தான், பண்ணிருதேன்" என்றேன். என் கோழைத்தனத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

ராத்திரியே அரை அங்குலத்தில் நான்கு கடைந்து மாட்டினேன். காலையில் அத்தானும் அக்காவும் கிளம்பிப் போனார்கள். பட்டறையில் எனக்குக் கை ஓடவில்லை. ஒரே பம்பு உதிரியை இரண்டு தடவை கடைந்தும் கெடுத்தேன். கண்ணுக்குள் நட் சுற்றிக்கொண்டே இருந்தது. வயிற்றுவலி என்று முதலாளியிடம் பொய் சொல்லிவிட்டுச் சிவகிரி பஸ்ஸில் ஏறினேன். இடம் இருந்தும் உட்கார முடியாமல் படியிலேயே நின்றேன்.

ராயகிரிக்கு முன்னால் சாலையோரத்தில் கார் சாய்ந்து கிடந்தது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினேன். இடப்பக்கப் பின்சக்கரம் இல்லை. அத்தான் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பருத்திக் காட்டுக்குள் சக்கரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அக்கா ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி புடைத்திருந்தது, புருவத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. மடியில் பால்காய்ப்புக்குக் கொண்டுபோன வெண்கலப் பானை. உயிரோடு இருக்கிறாள் என்று கண்ட பிறகுதான் சக்கரம் கழன்ற இடத்தைக் குனிந்து பார்த்தேன்.

"நல்ல நேரத்துல வந்தே மாப்ளே! அந்தப் பக்கம் பாரு" என்று அத்தான் காட்டுக்குள்ளிருந்து கத்தினார்.

அக்கா என்னையே பார்த்தாள். "பட்டறையில வேலை கெடக்கும்போது நீ எதுக்குலே எங்க பின்னாலயே வந்தே?"

என் கண் சாலையில் கிடந்த வட்டுக்குப் போனது.

"கழலும்னு ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் என்னைய ஏத்தி விட்டுருக்கே."

அவ்வளவுதான் சொன்னாள். அத்தானிடம் ஒருநாளும் சொல்லவில்லை. அவர் கடைசிவரை அந்த இடத்து ரோட்டுப் பள்ளத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். சாலையில் கிடந்த வட்டை எடுத்து நான் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இப்போது அத்தானும் இல்லை, ஹெரால்டும் இல்லை. மாதம் ஒருமுறை அக்காவை என் காரில் கோயிலுக்கு அழைத்துப் போகிறேன். என்னோடு சிரித்துப் பேசுவாள், சாப்பாடு கட்டிக்கொண்டு வருவாள். ஆனால் உடனே ஏற மாட்டாள். கதவருகே நின்றுகொண்டு ஒன்றும் கேட்காமல் எங்கோ பார்ப்பாள். நான் குனிந்து, நான்கு சக்கரத்தையும் சுற்றிவந்து, ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்த்து நிமிர்ந்த பிறகுதான் ஏறுவாள்.

இன்றும் வந்திருக்கிறாள். வட்டைக் காகிதத்தின் மேல் வைத்துவிட்டு எழுந்திருக்கிறேன். வாசலில் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறாள்.